கயிறு திரும்பும் இடம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "பழனி ரோப் காரை தினம் ஒரு மணி நேரம் நிறுத்துறாங்க. மாசத்துல ஒரு நாள் நிறுத்துறாங்க. வருஷத்துல ஒரு மாசம் மூடியே வைக்கறாங்க. அப்படி என்னதான் பார்க்கறாங்க?" குழுவில் பதில் போட்டால் நாலு வரியில் முடிக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. நம் ஊருக்குப் பழக்கமான பிரெஞ்சுக்காரர்களும் அதில் வருகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கயிறு நேராகப் போகிற இடத்தில் பெரிய தொல்லை இல்லை. எதன் மேலாவது ஏறித் திரும்புகிறதே, அந்த இடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கிணற்றிலிருந்து ஆரம்பிப்போம். புதுச்சேரியின் பழைய வீடுகளில் கிணறும் கப்பியும் நமக்குத் தெரிந்தவை. வாளியும் தண்ணீரும் சேர்ந்து 10 கிலோ என்று வையுங்கள். இழுப்பவர் கைக்கும் 10 கிலோ. கப்பியைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு எவ்வளவு? வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் 10 என்பார்கள். விடை 20. வாளி ஒரு பக்கம் கீழே இழுக்கிறது, நாம் இன்னொரு பக்கம் கீழே இழுக்கிறோம். இரண்டும் கட்டையின் தலையில்தான் விழும். அதே கயிற்றைத் தள்ளி நின்று கிடைமட்டமாக இழுத்தால் கட்டைக்கு வருவது 14 கிலோ. ஆனால் அது நேர் கீழே வராது, சரிந்து நம் பக்கமாக வரும். கிணற்றுத் தூண் ஆடுவதற்குக் காரணம் இதுதான். எவ்வளவு எடை என்பது ஒரு கணக்கு, எந்தத் திசையில் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதை மறந்தால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது கப்பியை எடுத்துவிட்டு வெறும் உருட்டுக் கட்டை மேல் கயிற்றைப் போடுங்கள். கட்டை சுழலாது, கயிறுதான் தேய்த்துக்கொண்டு நழுவ வேண்டும். சாதாரண உராய்வுக்கு 10 கிலோ வாளியை விழாமல் பிடிக்க 4 கிலோ விசை போதும். அதே வாளியை ஏற்ற ஏறத்தாழ 26 கிலோ விசை வேண்டும். ஒரே கயிறுதான், ஆனால் இந்தப் பக்கத்து இழுப்பும் அந்தப் பக்கத்து இழுப்பும் வேறு வேறு. நம் பக்கத்துக் கழனிகளில் கவலை இறைத்தவர்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும். மாடு இழுக்கும் வடத்துக்கு மேலே ஒரு பெரிய சக்கரம், வால்கயிற்றுக்குக் கீழே ஒரு உருளை. சக்கரத்துக்கு எண்ணெய் போடாவிட்டால் மாடு நுரை தள்ளிவிடும்.

இந்த உராய்வுக்கு 18-ஆம் நூற்றாண்டில் கணக்கு எழுதியவர் கணித மேதை ஆய்லர். 1808-இல் ஐடெல்வைன் என்ற ஜெர்மன் பொறியாளர் அதைப் பொறியாளர்கள் பயன்படுத்தும்படி நூலில் கொண்டுவந்தார். கயிறு கட்டையைச் சுற்றும் கோணம் கூடக்கூட, பிடிப்பு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். 10 கிலோ இழுப்பு ஒரு முழுச் சுற்றில் சுமார் 65 கிலோவைப் பிடித்து நிறுத்தும். இரண்டு சுற்றில் 430 கிலோ. மூன்று சுற்றில் 2,800 கிலோவுக்கும் மேல்! துறைமுகத்தில் ஒரே ஒரு ஆள் கயிற்றை இரும்புக் குற்றியில் நாலு சுற்று சுற்றிவிட்டு ஒரு கப்பலையே நிறுத்துகிறாரே, அது கைபலம் அல்ல, இந்தப் பெருக்கல்தான்.

ஆகவே கயிறு திரும்பும் இடத்தில் ஒன்று நழுவ வேண்டும், அல்லது பிடிக்க வேண்டும். நழுவ வேண்டிய இடத்தில் பிடித்தாலும் ஆபத்து, பிடிக்க வேண்டிய இடத்தில் நழுவினாலும் ஆபத்து.

தொங்கு பாலத்துக்கு வருவோம். இரண்டு கரையிலும் உயரமான கோபுரம். அவற்றின் தலை மேல் ஏறி இறங்கும் சங்கிலி அல்லது கம்பி வடம். அதன் இரு முனைகளும் கரையில் தரைக்குள் புதைத்து நங்கூரம் இடப்பட்டிருக்கும். பாலத்தின் நடுவில் பாரம் ஏறினால் வடம் அந்தப் பக்கம் இழுபடும், கோபுரத் தலையில் கொஞ்சம் நகரப் பார்க்கும். வெயிலும் சும்மா இருக்காது. 100 மீட்டர் இரும்புக் கம்பி, சூடு 20 டிகிரி கூடினால் சுமார் 24 மில்லிமீட்டர் நீளும். கோபுரத் தலையில் வடத்தை அசையாமல் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வடம் நகர முடியாததால் கோபுரத்தை இழுக்கும். கல் கோபுரம் எடையை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1826 ஜனவரியில் திறந்த மெனாய் பாலத்தில், கோபுரத் தலையில் சங்கிலி உட்காரும் இருக்கையை உருளைகள் மேல் வைத்தார்கள். சங்கிலி நகர்ந்தால் இருக்கையும் சேர்ந்து நகரும், கோபுரத்துக்கு நேர் எடை மட்டும் போகும். அது கட்டப்பட்டு வந்த நாட்களில் இந்த வகைப் பாலங்களைப் பார்த்துப் படித்துவர பிரெஞ்சு அரசு ஒருவரை அனுப்பியது. நமக்கு வேண்டிய ஆள் அவர்தான்.

பெயர் க்ளோத்-லூயி நவியே. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பொறியாளரான மாமா கோத்தேயிடம் வளர்ந்தவர். பாரிஸில் பாலம், சாலைப் பொறியியல் கற்பிக்கும் அரசுக் கல்லூரியில் ஆசிரியர். 1821-லும் 1823-லும் பிரிட்டன் போய்ப் பார்த்துவந்து, 1823-இல் தொங்கு பாலங்களின் கணக்கை முழுசாக எழுதி நூலாக வெளியிட்டார். அந்தத் துறையில் அடிப்படை நூல் அது. எழுதியவரிடமே பாரிஸ் நகரில் சேன் நதியின் மேல், அன்வாலித் மாளிகைக்கு எதிரே, 150 மீட்டருக்கு மேல் ஒரே தாவலில் ஒரு தொங்கு பாலம் கட்டும் பொறுப்பும் வந்தது. 1824-இல் வேலை ஆரம்பித்தது.

கோபுரத் தலையில் வடம் திரும்பும் இடத்தை எல்லாரும் பார்ப்பார்கள். கரையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது, அது யார் கண்ணிலும் படாது. நவியே பாலத்தில் சங்கிலி கோபுரத்திலிருந்து சரிந்து இறங்கி, தரைக்குள் போனதும் வளைந்து செங்குத்தாகக் கீழே போய் நங்கூரத்தில் முடிந்தது. அந்த வளைவில் சங்கிலி அழுத்துவது ஒரு கல் கட்டுமானத்தை. நம் கிணற்றுக் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சரிவாக ஆற்றை நோக்கி இழுப்பு, மறுபக்கம் நேர் கீழே இழுப்பு. இரண்டும் சேர்ந்து அந்தக் கல்லை ஆற்றுப் பக்கமாகத் தள்ளும். 1826 செப்டம்பரில், வேலை முடியும் தறுவாயில், அந்தக் கல் கட்டு அசைந்தது. விரிசல் கண்டது. பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் உடைந்து மண்ணை நனைத்து நிலைமையை இன்னும் கெடுத்தது. (தண்ணீர் ஓட்டத்துக்கு இன்றும் உலகம் பயன்படுத்தும் சமன்பாடுகளில் இவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. அவரைத் தண்ணீர் கவிழ்த்தது ஒரு விசித்திரம்.) சரி செய்யக்கூடிய பழுதுதான் என்றார்கள் பொறியாளர்கள். நகர சபை கேட்கவில்லை. ஒரு வண்டிகூட ஓடாமல் பாலம் பிரிக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில் தென் பிரான்சில் அனோனே ஊரைச் சேர்ந்த மார்க் செகன் என்ற தொழிலதிபர், ரோன் நதியில் தூர்னோன் என்ற இடத்தில் 1825-இல் தொங்கு பாலம் திறந்துவிட்டார். பெரிய கல்லூரிப் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. பலூன் விட்ட மோன்கோல்ஃபியே குடும்பத்து உறவினர். சங்கிலிக்குப் பதில் மெல்லிய இரும்புக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்து வடமாக்கினார். அந்தப் பாலம் நின்றது. இதை வைத்து "படித்தவன் தோற்றான், படிக்காதவன் ஜெயித்தான்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செகன் ஒவ்வொரு கம்பியையும் எடை தொங்கவிட்டுச் சோதித்தவர். நவியேயின் நூலை வைத்துத்தான் பிறகு வந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

நம் ஊருக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. பிரெஞ்சு இந்தியாவின் தலைமைப் பொறியாளராக இங்கே இருந்த லமெரெஸ், பாரிஸின் அந்தப் பாலம்-சாலைப் பொறியாளர் மரபில் வந்தவர். திருக்குறளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். குறளும் கட்டுமானமும் ஒரே மேசையில்! நம் கடற்கரையில் 1866-இல் எழுந்த இரும்புக் கடற்பாலம் அந்தக் காலத்து வேலை. கப்பலிலிருந்து படகுக்கு, படகிலிருந்து பாலத்துக்கு என்று சரக்கு ஏறியதெல்லாம் கயிறும் கப்பியும் கொண்டுதான். 1952 புயல் அந்தப் பாலத்தைக் கொண்டுபோனது.

தொங்கு பாலம் பார்க்க வேண்டுமென்றால் நாம் பாரிஸ் போக வேண்டாம். செங்கோட்டை தாண்டி கொல்லம் போகும் வழியில் புனலூரில் இறங்கினால் போதும். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் திருவிதாங்கூர் அரசுக்காகக் கல்லடையாற்றின் மேல் கட்டி 1877-இல் முடித்த பாலம், 400 அடி நீளம். நம் பக்கத்துச் சரக்கு கொல்லம் போக அது பெரிய வசதி. திறந்தபோது யானைகளை மேலே நடக்கவிட்டு, பொறியாளர் குடும்பத்தோடு கீழே படகில் நின்றார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். இன்று வண்டிகள் பக்கத்துக் கான்கிரீட் பாலத்தில் போகின்றன, பழையது பாதுகாக்கப்பட்ட சின்னம். போகிறவர்கள் பலகையில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தலையைத் தூக்கி, சங்கிலி கல் கோபுரத்தில் ஏறும் இடத்தையும், பிறகு கரையில் அது தரைக்குள் இறங்கும் இடத்தையும் பாருங்கள்.

குஜராத்தின் மோர்பியில் புனலூரைவிட இரண்டே வயது இளைய தொங்கு பாலம் இருந்தது. 2022 அக்டோபர் 30 மாலை அது அறுந்து 135 பேர் இறந்தார்கள். பழுது பார்த்துத் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. புலனாய்வுக் குழு அறிக்கை சொன்னது இது: ஒரு முக்கிய வடத்தில் 7 புரிகள், புரிக்கு 7 கம்பிகள், ஆக 49 கம்பிகள். அவற்றில் 22 கம்பிகள் துருப்பிடித்திருந்தன, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக் கூடும். பழுது பார்த்தபோது தளத்தைப் புதிதாகப் போட்டார்கள். வடத்தை மாற்றவில்லை. நடக்கிறவன் காலுக்குத் தெரிவது தளம்தானே!

கம்பி வடத்தின் குணமே இதுதான். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போயிற்று. வடத்தில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும், வெளியே சத்தம் வராது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் அறுந்துகொண்டே இருந்ததால் 1834-இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இரும்புக் கம்பிகளைக் கயிறு போல முறுக்கிப் பயன்படுத்தினார். இன்றைய லிஃப்ட் முதல் ரோப் கார் வரை எல்லாம் அந்த முறுக்கின் வாரிசு. ஆனால் முறுக்கிய கயிறு சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு கம்பியும் வளைகிறது, இறங்கும்போது நிமிர்கிறது, உள்ளே கம்பியோடு கம்பி உரசுகிறது. ஜெம் கிளிப்பைப் பிரித்து இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் ஒடிந்துவிடும். சக்கரம் சின்னதாக இருந்தால் வளைவு அதிகம், ஆயுள் குறைவு. அதனால்தான் சுரங்கங்களில் தலைச் சக்கரம் கயிற்றின் தடிமனைப் போல 80 மடங்கு, 100 மடங்கு பெரிதாக இருக்கும்.

இதைச் சொல்லும்போது கோலார் தங்கவயலைச் சொல்லாமல் போக முடியாது. வடஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் மூன்று தலைமுறையாக அந்தக் கயிற்றை நம்பித்தான் இறங்கினார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி ஆரம்பித்து, 2001 பிப்ரவரி 28-இல் மூடும்போது ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஒரே இறக்கத்தில் அல்ல, கட்டம் கட்டமாக. ஆழச் சுரங்கத்தில் ஆளின் எடை ஒரு பொருட்டே இல்லை. மீட்டருக்கு 5 கிலோ கயிறு என்று வைத்தால் ஒரு கிலோமீட்டர் கயிறே 5 டன். அந்த எடை முழுவதும், கூண்டும் ஆட்களும் சேர்ந்து, மேலே சக்கரத்தில் திரும்பும் அந்த ஒரு முழத்தில் தொங்கும். என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியையின் அப்பா அங்கே இருந்தவர். கயிற்றை மெதுவாக ஓடவிட்டு, பஞ்சுக் கழிவைக் கையில் பிடித்து அதைச் சுற்றி வைத்திருப்பார்களாம். அறுந்த கம்பி முனை இருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கிய இடத்தில் நிறுத்தி எண்ணுவார்கள். எண்ணிக்கை அளவைத் தாண்டினால் புதுக் கயிறு. "கீழே போறவனுக்கு அந்தப் பஞ்சுதான் சாமி" என்பாராம்.

இப்போது பழனி. 693 படி ஏற முடியாதவர்களுக்கு 1966-இல் விஞ்ச் வந்தது. 2004 நவம்பரில் ரோப் கார் வந்தது. விஞ்ச் தண்டவாளத்தில் ஏறும், கயிறு இழுக்க மட்டும்தான். ரோப் காரில் கயிறே தண்டவாளமும். இந்த வகையில் முடிவில்லாத வளையமாக ஒரே வடம். ஒரு முனையில் மோட்டார் சுழற்றும் பெரிய சக்கரம். அதை வடம் அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். ஆய்லர் கணக்குப்படி அந்த அரைச் சுற்றின் பிடிப்பில்தான் பெட்டிகள் ஏறுகின்றன, அங்கே நழுவக் கூடாது. வழியில் உள்ள கோபுரங்களில் வரிசையாகச் சிறு சக்கரங்கள். அங்கே தங்குதடையில்லாமல் ஓட வேண்டும். ஒரு சிறு சக்கரத்தின் பேரிங் இறுகிவிட்டால், ஓடும் வடம் அதன் மேல் தேய ஆரம்பிக்கும், அந்த இழுப்பு கோபுரத்துக்குப் போகும். காற்று பலமாக இருந்தால் நிறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது: வடம் அந்தச் சிறு சக்கரங்களின் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதை நம்பித்தான் எல்லாம்.

இன்னொன்று, வடம் நாளாக ஆக நீளும். நீண்டால் தொய்வு கூடும், பெரிய சக்கரத்தில் பிடிப்பு குறையும். அதை இழுத்துவைக்கத்தான் மறுமுனைச் சக்கரத்தில் எதிர் எடை போன்ற ஏற்பாடு. பெட்டி வடத்தை நிரந்தரமாகக் கவ்வியிருக்கும் அமைப்பானால், கவ்விய இடத்தில் வடத்துக்கு வளைவு அதிகம், ஆகவே அவ்வப்போது கவ்வியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஆண்டுப் பராமரிப்பில் வடம், அச்சு, பேரிங், சக்கரங்கள் எல்லாவற்றையும் பார்த்து, தேவையானதை மாற்றி, கடைசியில் பெட்டிகளில் ஆளுக்குப் பதில் எடை ஏற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். 2007-இல் அங்கே நடந்த விபத்தில் உயிர்கள் போனது பலருக்கு நினைவிருக்கும். ஒரு மாதம் மூடுவது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

கயிறு நழுவும் கணக்கு, கயிறே கண்ணில் படாத இடத்திலும் இருக்கிறது. சென்னை போகும்போது செங்கல்பட்டு தாண்டுவதற்கு முன் பாலாற்றைக் கடக்கிறோமே, அங்கே 1954-இல் கட்டிய பாலத்தை நாட்டின் முதல் பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் சாலைப் பாலம் என்பார்கள். பிரான்சின் ஃப்ரெய்சினே 1928-இல் காப்புரிமை வாங்கிய முறை இது: கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பிகளை ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டிவிடுவது. கம்பி வளைந்த குழாய்க்குள் போனால் வழியெல்லாம் உரசும். ஒரு முனையில் 100 டன் இழுத்தாலும், மொத்த வளைவு 30 டிகிரி இருந்தால் மறுமுனைக்கு 88 டன் மாதிரிதான் போய்ச் சேரும். கட்டுகிறவர் இந்த 12 டன்னைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதே ஆய்லர், அதே கட்டை.

கடைசியாகப் பாம்பன். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. இருபுறக் கோபுரங்களின் உச்சியில் பெரிய சக்கரங்கள். அவற்றின் மேல் எஃகு வடங்கள், ஒரு முனையில் பாலம், மறுமுனையில் எதிர் எடை. எடை இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் மோட்டார் தூக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் கோபுரத்துக்கு? வாளி 10, கை 10, கட்டைக்கு 20. பாலத்தின் எடையும் எதிர் எடையும் சேர்ந்து சக்கரத்தின் அச்சு வழியாக அங்கேதான் இறங்குகிறது, அதுவும் உப்புக் காற்றில். 1914-இல் திறந்த பழைய பாலம் வேறு வகை. அதில் வடம் தூக்கும் வேலையே இல்லை, இரண்டு இலைகள் உருண்டு நிமிரும். அந்தக் கதை தனி, இன்னொரு நாள் எழுதுகிறேன்.